சம்பந்தியிடம் கேட்கக்கூடாதவை

விமானம் புறப்பட ஐம்பத்து மூன்று மணி நேரம் இருந்தபோது அம்மா நான்காவது முறையாகத் தோற்றாள்.

சமையலறை மேசையின் எதிர்ப்பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒத்திகையில் நான் அண்ணனின் வருங்கால மாமியார். என் கையில் அவருடைய ஊன்றுகோலுக்குப் பதிலாக ஒட்டடைக் கம்பு. அம்மா விருந்தாளி. கதவருகே செருப்பைக் கழற்றினாள். நான் சொல்லும்வரை நின்றாள். பரிசுப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். மழை நின்றுவிட்டது என்று நான் சொன்னதற்கு, நல்லவேளை என்று பதில் சொன்னாள். அதுவரை சரியாக இருந்தது. பிறகு அவள் பார்வை ஒட்டடைக் கம்பில் விழுந்தது.

"கால்ல என்னங்க ஆச்சு?"

நான் கம்பை மேசையில் வைத்தேன்.

"அவுட்டா?"

"அவுட்."

"கண்ணு முன்னாடி ஒருத்தங்க நொண்டிக்கிட்டு வர்றாங்க. நான் பாட்டுக்கு உக்காந்திருந்தா கல்நெஞ்சக்காரின்னு நினைக்க மாட்டாங்களா?"

"பாக்கலாம்மா. கேக்கத்தான் கூடாது."

"பாத்துட்டும் கேக்காம இருக்கறது எந்த ஊரு மரியாதை?"

"அந்த ஊரு மரியாதை."

அம்மா எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

அண்ணன் நான்கு வருடமாக அந்த ஊரில் இருக்கிறான். லிஃப்டுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், வரும் சனிக்கிழமை கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை, எங்களுக்கும் இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் பேச வேண்டியது அம்மாக்கள்தான். பேச்சுக்கு அம்மாவின் ஆங்கிலம் போதும். ஆனால் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

அந்த ஊரில் ஒருவரைப் பற்றிய செய்தி அவருடைய சொத்து. வயது, சம்பளம், நோய், பிள்ளைகள், எங்கே போகிறாய், ஏன் தாமதம், எதையும் பிறர் கேட்பதில்லை. சொல்ல நினைத்தால் அவராகச் சொல்வார். அதுவரை காத்திருப்பார்கள். கேட்பது அடுத்தவர் சட்டைப் பையில் கை விடுவதைப் போன்றது என்று அண்ணன் சொன்னான். போன புதிதில் உடன் வேலை செய்த ஒருவரிடம், இன்னும் குழந்தை இல்லையா என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறான். ஒரு மாதம் யாரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டான். இன்னொரு மாதம் சாப்பிடவில்லை.

ஒருவர் வீட்டுக்கு முதல்முறை போனால் அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் வானிலை. பிறகு விருந்தாளி தன்னைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். சும்மா உப்புச்சப்பில்லாத செய்தி கூடாது. சொல்லாமல் விட்டிருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்காத ஒன்று. பொட்டலத்தில் இருக்கும் பரிசைவிட அதற்குத்தான் மதிப்பு. அதன்பின் வீட்டுக்காரர் தன்னுடையதில் ஒன்றைத் தருவார்.

"என்னைப் பத்திச் சொல்ல என்னடி இருக்கு?" என்றாள் அம்மா, டீயை ஆற்றிக்கொண்டே. "பி.பி. இருக்கு. மாத்திரை போடறேன். போதுமா?"

"போதாது."

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

கேட்பது அம்மாவின் வேலை. இருபத்தாறு வருடமாக ஒரு கிளினிக்கின் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர், வயது, கல்யாணம் ஆயிற்றா, எத்தனை குழந்தை, எத்தனை நாளாக வலி, முன்பு யாரிடம் காட்டினீர்கள், அவர் ஏன் சரியில்லை. கண்ணாடித் தடுப்பில் இருக்கும் வட்ட ஓட்டைக்குள் குனிந்து ஊரே அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. வீட்டிலும் அப்படித்தான். நான் எதையும் நானாகச் சொல்லி வளர்ந்தவள் இல்லை. அம்மா கேட்பாள், நான் சொல்வேன். இரண்டாம் வருடம் வேதியியலில் தேறாமல் போனது, தோழியின் சைக்கிளில் போய் விழுந்தது, பெண் பார்க்க வந்தவனைப் பிடிக்காதது, எல்லாம் கேட்டு வாங்கப்பட்டவைதான். சொல்வது எப்படி என்று கற்றுக்கொள்ளும் தேவை எனக்கு வரவே இல்லை.

பதினோரு நாளாக என்னிடம் ஒரு செய்தி இருந்தது. அம்மாவின் விசா வந்துவிட்டது. என்னுடையது மறுக்கப்பட்டது. கல்யாணம் ஆகாதவள், வேலையில் சேர்ந்து எட்டு மாதம், திரும்பி வருவாள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. பாஸ்போர்ட் இரண்டையும் நான்தான் போய் வாங்கி வந்தேன். வாசலில் அம்மா, "வந்துடுச்சா?" என்றாள். "வந்துடுச்சு" என்றேன். பாஸ்போர்ட் வந்திருந்தது என்பதால் அது பொய் இல்லை. என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணப் பேச்சு வந்த முதல் நாளே அம்மா போனில் அண்ணனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "இவ வந்தா வர்றேன். இல்லேன்னா போட்டோ எடுத்து அனுப்பு, இங்கிருந்தே ஆசீர்வாதம் பண்றேன்." அம்மா தனியாகப் பக்கத்து ஊருக்குக்கூடப் போனதில்லை. பேருந்தில் ஜன்னல் சீட்டும் பக்கத்தில் நானும் வேண்டும். அந்த ஊர்க் கல்யாணத்திலோ மாப்பிள்ளையின் அம்மா மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடத் தொடங்குவார்கள். அவளுக்கான நாற்காலி ஏற்கெனவே தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் படத்தை அண்ணன் அனுப்பியிருந்தான். சாதாரண மர நாற்காலி. அதில் யாரும் உட்காராவிட்டால் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனால் கேட்கவும் முடியாது.

அன்று மாலை தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்று பார்க்கிற சாக்கில் மாடிக்குப் போய் அவனை அழைத்தேன்.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. இப்ப சொல்லாத. ஏர்போர்ட்ல, போர்டிங் பாஸ் கைக்கு வந்தப்புறம் சொல்லு. திரும்பி ஓடவா போறாங்க?"

"ஓடுவாங்க."

அவன் யோசித்தான். "அப்ப செக்யூரிட்டி தாண்டட்டும். தாண்டினதும் போன் பண்ணிச் சொல்லு."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா, என் கல்யாணத்துக்காகத் தங்கச்சியைக் கழட்டி விட்டுட்டான்னு ஆயிடும். நீ வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வாயைத் திறக்கற. அதுல ஒண்ணை இதுக்கு வெச்சுக்கோ."

தொட்டி நிரம்பி வழிந்தது. கீழே போய் மோட்டாரை நிறுத்தினேன்.

அவன் சொன்னபடி செய்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தெரியாத ஆட்களுக்கு நடுவே, காதில் போனோடு நிற்கும்போது அம்மாவுக்கு விஷயம் தெரியும். நான் வேலை செய்யும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கருவியை இடம் மாற்றினால், மறுபடி அளவுதிருத்தம் செய்யாமல் அதன் எண்ணை நம்ப மாட்டோம். அம்மாவை அந்தக் கண்ணாடிக்கு அப்பால் வைத்து எவ்வளவு யோசித்தும் எனக்கு எந்த எண்ணும் கிடைக்கவில்லை.

அதனால் முடிந்ததைச் செய்தேன். தனியாகப் போகிறவளுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமோ அதையெல்லாம் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். சீட் பெல்ட்டை எப்படிப் பூட்டுவது, கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் மடங்கும், நடுவில் விமானம் மாறும் இடத்தில் எந்த நிறப் பலகையைப் பார்த்து நடப்பது, அதிகாரி கேட்டால் எதற்கு வந்தேன் என்று சொல்வது. "அதிகாரி மட்டும் கேக்கலாமா?" என்றாள் அம்மா. கேட்கலாம் என்றேன். "அப்ப அந்த ஊர்ல எனக்கேத்த வேலை அது ஒண்ணுதான்."

முதல் வாரத்தில் ஒவ்வொன்றுக்கும், "நீதான் கூட இருக்கியே, எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்பாள். பிறகு எப்போதோ அதைச் சொல்வதை நிறுத்தியிருக்கிறாள். எப்போது என்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. லீவுக்கு முன் அம்மாவுக்குக் கடைசி வேலை நாள். மாலை ஐந்து மணிக்கு, வழக்கம்போல் அவளைக் கூட்டிவர, நான் கிளினிக்குக்குப் போனபோது கவுண்டருக்கு முன் ஒரு நடுத்தர வயதுக்காரர், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். அம்மா பெயரையும் வயதையும் எழுதினாள். பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் வட்ட ஓட்டையைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏணியில இருந்து விழுந்துட்டேன்" என்றார்.

அம்மா எழுதினாள். மறுபடி காத்திருந்தாள்.

"விழுந்தேன்னா... தானா விழல."

அம்மா தலையை ஆட்டினாள்.

"மச்சான்தான் ஏணியைப் பிடிச்சிருந்தான். பிடிச்சிருந்தவன் விட்டுட்டான். வேணும்னு விட்டானான்னு நேத்திலேர்ந்து யோசிச்சுட்டிருக்கேன். வீட்டுல சொல்ல முடியுமா சொல்லுங்க. அவ கூடப்பொறந்தவன்."

மருந்துக் கவுண்டர்க்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அம்மாவைவிடப் பத்து வயது சின்னவர், அம்மாவை அக்கா என்பார். "பாத்தியாம்மா உங்கம்மா பண்ற அநியாயத்தை? காலைலேர்ந்து வாய்க்கு லீவு விட்டிருக்காங்க. ஒவ்வொருத்தரும் குடும்பக் கதை மொத்தத்தையும் கொட்டிட்டுப் போறாங்க. அக்கா, இந்த ரேட்டுல போனா டாக்டர் ஃபீஸ்ல பாதி உங்களுக்குத் தரணும்."

"நீ மாத்திரையை எண்ணு" என்றாள் அம்மா.

திரும்பும்போது பேருந்தில் அவளுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. "இத்தனை வருஷம் தெரியாமப் போச்சுடி" என்றாள். "நான் மட்டும் எப்படி அடிபட்டதுன்னு கேட்டிருந்தா ஏணியோட நின்னிருக்கும். மச்சான் வந்திருக்க மாட்டான்."

நான் ஆமாம் என்றேன். பேருந்து சிக்னலில் நின்றது. எதிரே ஒரு கடையில் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சொல்வதென்றால் இங்கேயே சொல்லலாம் என்று தோன்றியது. கூட்டம் குறைவு, இரைச்சல் இல்லை.

"அம்மா."

"ம்."

சாதாரணமாக அடுத்து, "என்ன?" என்று வரும். அதைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லிவிடுவேன். வரவில்லை. அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, கவுண்டரில் வைத்திருந்த அதே முகத்தோடு, பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னல் மாறியது.

"அடுத்த ஸ்டாப்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா கோட்டோடு நின்றிருந்தாள். அந்த ஊர்க் குளிருக்கு என்று அம்மாவுக்குத் தைத்தது, கரும்பச்சை நிறம். உள்ளே வந்ததும் அம்மாவை நிற்க வைத்து மாட்டிவிட்டு, சுற்றி வந்து பார்த்தாள்.

"ராணுவத்துல சேத்துக்குவாங்க. அப்படி இருக்கு." பிறகு என்னைப் பார்த்தாள். "உன்னோடது எங்கடி? அளவு குடுக்க வா வான்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? நாளைக்கு ஃப்ளைட்டை வெச்சுக்கிட்டு மசமசன்னு நிக்கற."

"அண்ணனோட பழைய கோட் அங்க இருக்குக்கா. அதைப் போட்டுக்கறேன்."

"அதுல உன்னை மாதிரி ரெண்டு பேர் நுழையலாம். கல்யாண போட்டோல கோட்டு மட்டும்தான் தெரியும். நீ எங்கன்னு பூதக்கண்ணாடி வெச்சுத்தான் தேடணும்."

நான் நூல்கண்டைக் கையில் எடுத்தேன். நூலின் நுனி எங்கே என்று பார்த்தேன்.

"கை கொஞ்சம் நீளமா இருக்குல்ல?" என்றாள் அம்மா.

தையல்கார அக்கா அந்தப் பக்கம் திரும்பி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையை மடித்தாள். மடித்து முடிக்கும்வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. அக்காவுக்கு அது தாங்கவில்லை.

"என்னக்கா ஆச்சு உங்களுக்கு? வந்து பத்து நிமிஷம் ஆகுது. என் நாத்தனார் வந்துட்டுப் போனதைக்கூடக் கேக்கல?"

"சொல்லணும்னு இருந்தா நீயே சொல்லுவே."

"அட! இது என்ன புதுப் பழக்கம்?" என்றவள் உட்கார்ந்து, நாத்தனார் வந்ததில் தொடங்கி, நாத்தனார் கணவருக்கு வேறொரு வீடு இருப்பது வரை முக்கால் மணி நேரம் சொன்னாள். போகும்போது, "ஏன்டா சொன்னோம்னு இருக்கு" என்றாள். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

அவள் போனபின் அம்மா கோட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினாள். அதன் பைகள் இரண்டிலும் கை விட்டுப் பார்த்தாள், ஆழம் சரியா என்று. ஒரு பையில் தன் மாத்திரை அட்டையைப் போட்டாள். விமானம் மாறும் இடத்தில் பார்க்க வேண்டிய பலகை என்ன நிறம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சரியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் காலையில் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அரை நாள்தான் லீவு கேட்டிருந்தேன். வழியனுப்ப அது போதும். ஊருக்குப் போகிற அன்றும் வேலைக்கு ஏன் போகிறாய் என்று அம்மா கேட்டிருக்க வேண்டும். "குடை எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். ஆறு கிணற்று மாதிரிகளைப் பரிசோதித்தேன். ஒன்றில் நைட்ரேட் அதிகம். அந்தக் கிணறு யாருடையது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், எண் மட்டும்தான் இருக்கும். மறுபடி ஒருமுறை செய்து பார்த்தேன். அதே அளவுதான் வந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது முறையும் அதே அளவு வந்தால் எழுதிவிட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் முடிவு செய்துகொண்டேன். வாடகைக் கார் ஐந்து மணிக்கு வரும். அதற்குமுன் சொல்வது. போகமாட்டேன் என்றால் கெஞ்சுவது. அழுதால் நானும் அழுவது.

உள் அறையில் அம்மாவின் பெட்டி பூட்டித் தயாராக நின்றிருந்தது. தொங்கு தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தேன். இருபத்து இரண்டரை. அனுமதி இருபத்து மூன்று. காலையில் கட்டிலின் மேல் திறந்து கிடந்த என் பெட்டியைக் காணவில்லை. நான் பேருக்கு அடுக்கி வைத்திருந்த துணிகள் மடிப்புக் கலையாமல் என் அலமாரித் தட்டில் இருந்தன. பெட்டி எப்போதும்போல் அலமாரியின் உச்சியில் இருந்தது, தூசிக்காகப் போடும் பழைய போர்வையோடு.

நான் அதைப் பார்த்தபடி நின்றேன்.

"வந்துட்டியா?" சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஒரு தடவை ஒத்திகை பாத்துடலாம். வண்டி வர இன்னும் நேரம் இருக்கு."

"அம்மா, அதுக்கு முன்னாடி..."

"முதல்ல ஒத்திகை. அந்தக் கம்பை எடு."

அம்மா கரும்பச்சைக் கோட்டைப் போட்டிருந்தாள், பொத்தான் எல்லாம் மாட்டியிருந்தாள். கோட்டின் கை இப்போது சரியான அளவில் இருந்தது. நெற்றியில் வியர்த்திருந்தது. நான் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஒட்டடைக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் வெளியே போய்க் கதவைத் தட்டினாள்.

"வாங்க" என்றேன்.

செருப்பைக் கழற்றினாள். நின்றாள். பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள், உள்ளே வெறும் சோப்பு டப்பா. நான் அப்போதே பிரித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றேன். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். நாற்காலியை இழுக்கும் சத்தம்கூட இல்லை.

"மழை விட்டுடுச்சு" என்றேன்.

"ஆமாங்க. நான் இறங்கறப்பவே வெயில் வந்துடுச்சு."

கம்பைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன், கண்ணில் படும்படி. அவள் அதைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நானும் கேட்க முடியாது. அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்க முடியாது. குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு வண்டி நின்று, மறுபடி கிளம்பிப் போனது. எங்களுடையது இல்லை.

"என்னைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் அம்மா. சம்பந்தியிடம் பேசுகிற குரல், கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் நிமிர்ந்து. "சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும். நான் இதுவரைக்கும் எங்கேயும் தனியாப் போனதில்லைங்க. பஸ்ஸுலகூட எனக்குப் பக்கத்துல ஆள் வேணும். இங்க வர்றதுக்கு என் பொண்ணுதான் எல்லாம் சொல்லிக்குடுத்தா. பெல்ட் போடறது, போர்டு பாக்கறது, வாயைக் கட்டறது."

கம்பின் மேல் பிடியை மாற்றிக்கொண்டேன்.

"கூட வர்றவளா இருந்தா இவ்வளவு சொல்லிக்குடுத்திருக்க மாட்டா. எனக்குப் புரிஞ்சு ஒரு வாரம் ஆச்சுங்க. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. உங்க ஊரு மரியாதையை அவகிட்டயே பழகிப் பாத்தேன்."

கோட்டின் மேல் பொத்தானை ஒருமுறை கழற்றி, மறுபடி மாட்டினாள்.

"அவளுக்கு விசா கிடைக்கலைங்க. நான் தனியாத்தான் வந்திருக்கேன்."